புல் தின்ற நாயும் பஸ் ஏறிய கோழியும்

மதினி,

வாசலில் புரூனோ கக்கிப் போட்ட புல்லைக் கூட்டி அள்ளும்போது உங்க ஞாபகம் வந்தது. நாய்க் கதைக்கு முன்னால் பிள்ளைகள் சேதியைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "மொதல்ல நம்ம புள்ளைங்கள சொல்லு தாயி" என்பீங்க.

என் பெரிய பேரன் பல்கலைக்கழகத்துக்கு, அதான் கெம்பஸுக்கு, எடுபட்டுவிட்டான். நம்ம தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் அவன்தான் முதல் ஆள். அவன் தம்பி ஸ்கொலர்ஷிப் சோதனையில் பாஸ். மகள் வீட்டுப் பேத்தி கவிதா பதுளையில் நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். வெள்ளை உடுப்பில் பார்த்தால் என் கண்ணே பட்டுவிடும். உங்க பேரன் லுணுகலையில் போன் திருத்துகிற கடை போட்டிருக்கிறான். மூக்கைப் பார்த்தால் எங்க அண்ணன் மூக்கு, வாயைப் பார்த்தால் உங்க வாய். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் பெருமையடிக்கிறாள் என்று நினைத்தால் நினைச்சுக்குங்க. பெருமைதான்.

புரூனோ கவிதாவுடைய நாய். விடுதியில் வைத்துக்கொள்ள முடியாதென்று என்னிடம் விட்டிருக்கிறாள். நானும் இப்போது தனி ஆள்தானே. அது வந்த பிறகுதான் இந்த ஒற்றை அறைக் காம்பராவில் யாரையாவது ஏசுகிற சத்தம் கேட்கிறது. இன்று காலையில் அவள் போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, அது மறுபடியும் வாசலில் நின்று புல்லைக் கடித்தது. அவள் கண்ணில் பட்டுவிட்டது.

"அம்மாயி, அது புல்லு திங்குது! கட்டிப் போடுங்க."

"நாய்னா புல்லு திங்கத்தான் செய்யும்."

"இப்பதான கக்குச்சுன்னு சொன்னீங்க? இப்படி பாக்காம விட்டீங்கன்னா, ஹாலிஎலயில கூட்டாளி வீட்டுல கொண்டுபோய் விட்ருவேன்."

எனக்குப் பக்கென்றது. விளையாட்டாகச் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நாயை இழந்துவிடக்கூடாதென்றுதான் உங்க வெள்ளையன் கதையை அவளிடம் எடுத்தேன்.

நீங்க எங்க அண்ணனைக் கட்டிக்கொண்டு பக்கத்துக் காம்பராவுக்கு வந்த காலத்திலிருந்து உங்க வீட்டில் நாய் இல்லாமல் இருந்ததில்லை. வெள்ளையன், நாம் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில், தண்ணி ஓடுகிற கான் ஓரம் நின்று ஆடு மாதிரி மேயும். நாய் புல் தின்றால் மழை வரப்போகுதென்று நான் முரட்டுத்துணிப் படங்கை எடுத்து இடுப்பில் கட்டுவேன். "மழையும் இல்ல, கிழையும் இல்ல. அது வயித்த சுத்தம் பண்ணுது" என்பீங்க. மழை சில நாள் வரும், சில நாள் வராது. வெள்ளையன் மட்டும் கக்கிவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு ரொட்டிக்கு வந்து நிற்கும். அதனால் அது புல் தின்பதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை.

ஒரு தடவை அது தின்றுவிட்டு வந்து படுத்தது, எழும்பவில்லை. வாயில் நுரை. ரொட்டியை மோந்துகூடப் பார்க்கவில்லை. அப்போதும் லயத்தில் எல்லோரும், "புல்லு தின்னுருக்குல்ல, தானா சரியாயிரும்" என்றோம். நாய்க்கு மருந்தே புல்தான், அதைத் தின்றாயிற்று, இனி என்ன என்கிற நினைப்பு. அண்ணன்கூட, "அது தன் வைத்தியத்தத் தானே பாத்துக்கும். நீ வேலைக்கிப் போ" என்றார். நீங்கதான் கான் ஓரம் போய்க் குனிந்து பார்த்தீங்க. புல் நுனியெல்லாம் கருகியிருந்தது. அந்தப் பக்கம் களைக்கு மருந்து அடித்திருந்தது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

வேலை போனால் போகட்டும் என்று, வெள்ளையனைப் படங்கில் சுற்றிக் கொழுந்துக் கூடையில் வைத்துப் பஸ் ஏறினீங்க. நானும் கூடவே ஓடிவந்தேன். கண்டக்டர் தமிழ் பேசுகிற சிங்களத் தம்பி.

"அக்கா, கூடையில என்ன?"

"கோழி."

கூடை முனகியது.

"கோழி இப்படியா கத்தும்?"

"அதுக்கு ஒடம்பு சரியில்ல தம்பி. சீக்கிரம் பெல்லடிங்க."

"வாலு வெளிய தொங்குதே, அக்கா!"

"சேவலுக்கு வாலு இருக்காதா?"

பஸ்ஸே சிரித்தது. அந்தத் தம்பியும் சிரித்துக்கொண்டே பெல்லடித்தார். நீங்க மட்டும் சிரிக்கவில்லை. கூடைக்குள் கையை விட்டு, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தீங்க.

பதுளை மாட்டு டாக்டர் ஊசி போட்டு, சேலைனும் ஏற்றினார். "இனிமே புல்லு திங்க விடலாமாங்க?" என்று கேட்டீங்க.

"திங்கட்டும். அநேகமா எல்லா நாயும் திங்கும். ஏன்னு எங்களுக்கே முழுசா தெரியாது. சில நேரம் கக்கும், அதுல பயம் இல்ல. மருந்து அடிச்ச புல்லுதான் ஆபத்து. சாப்பிடாம சுருண்டு படுத்தாலோ, விடாம கக்கினாலோ, காத்துக்கிட்டு இருக்காம கொண்டாங்க."

வெள்ளையன் பிழைத்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கே மருந்து அடித்தாலும், கிழிந்த சிவப்பு ரவிக்கைத் துண்டைக் குச்சியில் கட்டி அங்கே ஊன்றிவிட்டு வருவீங்க. "நாய்க்குக் கொடியேத்துறா" என்று லயமே கேலி பண்ணியது. கொஞ்ச நாளில் மாட்டுக்குப் புல் அறுக்கிறவர்களும் அந்தக் கொடியைப் பார்த்துத்தான் அரிவாளை வைத்தார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கவிதா யோசித்தாள்.

"கக்கினதுக்கு அப்புறம் சாப்பிட்டுச்சா?"

"சோறு தின்னுச்சு, கருவாடு தின்னுச்சு. பத்தாம என் செருப்பையும் தின்னுச்சு."

"வாசல்ல மருந்து அடிச்சாங்களா?"

"நான் இருக்கையில என் வாசல்ல எவன் அடிப்பான்?"

"சரி, உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா வெளிய கூட்டிப் போனா பாத்துக்குங்க."

பார்க்கத்தான் செய்கிறேன் மதினி. ரோட்டுக்குக் கூட்டிப் போனால் முதலில் என் கண் புல் நுனிக்குத்தான் போகிறது. அது நீங்க விட்டுப்போன பழக்கம்.

இன்னொன்று. கவிதா உங்களைப் பார்த்ததில்லை, படத்தை மறுபடி காட்டச் சொன்னாள். அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கி மாலை போட்டு மாட்டியிருக்கிறோமே, அதைக் காட்டினேன். "இவங்களா பஸ்ஸ சிரிக்க வச்சாங்க? இப்படி மொறைக்கிறாங்க!" என்கிறாள். எவ்வளவு சொல்லியும் நம்பமாட்டேன் என்கிறாள். நீங்க இருக்கிற இடத்தில் படம் பிடிக்கிறவர் யாராவது இருந்தால், பல் தெரியச் சிரித்து, புதுசாக ஒன்று எடுத்து அனுப்பிவையுங்க.