காரில் மானி பூட்டியாயிற்று

இஞ்சாருங்கோ,

"எஞ்சின் சத்தத்திலயே காத்தும் பெற்றோலும் சரியோ எண்டு சொல்லிப்போடுவன். எனக்கு மானி வேண்டாம்," என்றீர்கள்.

"அப்ப ஏன் கரும்புகை வருது?"

"நீர் குசினியைப் பாரும்."

குசினியைப் பார்த்துவிட்டேன், சோறும் மீன்குழம்பும் மூடியிருக்கின்றன. பிறகு, என் அண்ணை ஜெர்மனியிலிருந்து அனுப்பிய, காற்றும் பெற்றோலும் சரியாகக் கலக்கிறதா என்று காட்டும் மானியை, அதோடு வந்த புத்தகத்தைப் பார்த்து நானே பூட்டினேன். பெற்றோல் கூடிப்போச்சு என்று முள் காட்டியது. பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரின் திருகாணியை அரைச் சுற்று இறுக்கினேன். புகை நின்றுவிட்டது.

உங்கள் அக்காவை ஏற்றிவரக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு அதே காரில்தான் போகிறேன். சாவியைத் தேடாதீர்கள்.

இராசேஸ்

பி.கு.: மன்னிப்புக் கேட்கமாட்டேன். ஒன்பது வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்கிறேன்: என்னையும் உங்கள் கார் திருத்தும் கராச்சில் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.