குண்டூசியின் கையும் என் அட்டையும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம் என்று வழக்கம்போல ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அதில் பாதிதான் உண்மை, அப்பா நன்றாக இருக்கிறார். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், எனக்கு வேறு நினைப்பே கிடையாது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்துகொள்கிறார், பெற்றவள் எனக்கு வாய் திறக்க இடம் கிடைப்பதில்லை. அதனால் இதைச் சலவை ஆலையில் சாப்பாட்டு இடைவேளையில், மடித்து அடுக்கிய ஆஸ்பத்திரி விரிப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்துவிட்டது, முன்பு வலியைப் பற்றிப் பேசினாள், இப்போது டாக்டரைப் பற்றிப் பேசுகிறாள். மாடி வீட்டு எலக்ட்ரீஷியனுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள். நம் குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, அப்பா ரிப்பேர் செய்தார், இப்போது ஒழுகுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். என் முகம் இரண்டு மூன்று வருஷமாகச் சிவந்துபோவது உனக்குத் தெரியும். சூடாக டீ குடித்தால் சிவக்கும், யாராவது ஒரு சொல் சொன்னால் சிவக்கும், ஸ்டீம் பிரஸ்ஸுக்கு முன்னால் நின்றால் கேட்கவே வேண்டாம். அப்பா அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார், எனக்குக் கோபம் என்று நினைத்து சிக்னல் விழுந்தாச்சு என்று பேச்சை நிறுத்திக்கொள்வார். ஆலையில் எனக்குத் தக்காளி என்று பெயர். அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். போன வாரம் புது சூப்பர்வைசர், என் வயதில் பாதிகூட இருக்க மாட்டான், எல்லோர் முன்னாலும் என்னை வாயை ஊதச் சொன்னான். நான் குடித்திருக்கிறேனாம். ஊதினேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாளே தோல் டாக்டரிடம் போனேன். ரோசேசியாவாம், முகம் சிவக்கிற ஒரு தோல் நோய். பெயரைக் கேட்டால் யாரோ பணக்கார வீட்டுப் பெண் மாதிரி இருக்கிறது. தொற்று நோய் இல்லை, குடியால் வந்ததும் இல்லை என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதோடு விட்டிருந்தால் நிம்மதியாக வந்திருப்பேன். பிரஷர், கொழுப்பு எல்லாம் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். முகத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றேன். முகம் சிவந்தா இதயம் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்லம்மா, ஆனா இது இருக்கறவங்களுக்குப் பிரஷரும் கொழுப்பும் கொஞ்சம் கூடுதலா இருக்குன்னு சில ஆய்வுல சொல்றாங்க, எதனால எது வருதுன்னு இன்னும் உறுதியாத் தெரியல, எதுக்கும் ஒரு தடவ பாத்துடறது நல்லது என்று சொல்லிக்கொண்டே கையில் சுற்றும் பட்டையை எடுத்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா, பையிலிருந்து ஆலையின் மருத்துவ அட்டையை எடுத்து நீட்டினேன். நாலு வருஷத்துப் பிரஷர் கணக்கைப் பார்த்துவிட்டு, இந்த வயசுல இப்படி இருந்தா உங்களுக்கு ஒரு கவலையும் இல்ல என்று பட்டையை மறுபடி மேஜைக்குள் வைத்துவிட்டார்.

அந்த அட்டையில் இருப்பது என் பிரஷர் இல்லை. இதை எப்படி எழுதுவது என்றுதான் மூன்று நாளாகக் காகிதத்தை மடித்து மடித்து வைத்தேன். பிரஷர் கூடினவர்களை நீராவிப் பக்கம் நிற்க விட மாட்டார்கள். ஐம்பது தாண்டியவர்களுக்கு வேறு பிரிவும் கிடையாது, வீட்டுக்குத்தான். வீடு என்று எதைச் சொல்வது, அதுவும் ஆலை கொடுத்த வீடு, அப்பா ஓய்வு பெற்றபிறகு என் வேலையை நம்பித்தான் நிற்கிறது. அதனால் எங்கள் பிரிவில் ஒரு வழக்கம். என் பக்கத்து பிரஸ்ஸில் நிற்பவள், குண்டூசி என்று போனில் சொல்வேனே, அவளுக்கு எப்போது பார்த்தாலும் பிரஷர் பச்சைப்பிள்ளை மாதிரி இருக்கும். செக்கப் நாளில் வெளியிலிருந்து வருகிறவர்கள் மூன்று மேஜை போடுவார்கள், பெயர் கேட்க மாட்டார்கள், சீட்டில் உள்ள எண்ணைத்தான் பார்ப்பார்கள். தொப்பியும் மாஸ்க்கும் போட்டால் நாங்கள் எல்லோரும் ஒரே அச்சு. குண்டூசி தன் சீட்டோடு ஒரு தடவை, எங்கள் சீட்டோடு நாலு தடவை, மேஜை மாற்றி மாற்றிப் போய்க் கையை நீட்டிவிட்டு வருவாள். நல்லவேளை எடை பார்ப்பதில்லை, பார்த்திருந்தால் என் அட்டையில் அவளுடைய நாற்பத்திரண்டு கிலோ ஏறியிருக்கும். நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஏமாற்றியது ஆலையை என்றுதான் நினைத்தேன்.

டாக்டரிடமிருந்து வரும் வழியில் கால் தானாக மருந்துக்கடைக்குப் போனது. கடைக்காரர் பிரஷரை ஒரு தடவை பார்த்தார், தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து மறுபடி பார்த்தார், பிறகு இன்னொரு கையில் பார்த்தார். இன்னிக்கே டாக்டரப் பாருங்கம்மா, தள்ளிப் போடாதீங்க என்றார். எந்த டாக்டரை? தோல் டாக்டருக்குக் கொடுத்ததோடு கைக்காசு தீர்ந்துவிட்டது, இலவசமாகப் பார்ப்பது ஆலை டாக்டர்தான், அங்கே போனால் பிரஷர் கணக்கு நேராக ஆபீசுக்குப் போகும். குண்டூசியிடம் சொன்னேன். நீ உன் கைய நீட்டினா, போன வருஷம் அவ்வளவு கம்மியா இருந்தது எப்படின்னு கேப்பாங்க, நோண்டினா அஞ்சு பேரும் தெருவுல நிப்போம், உனக்கு ஒரு புருஷன், எனக்குப் படிக்கிற பிள்ளைங்க ரெண்டு என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. எனக்காக நாலு வருஷம் கை நீட்டியவள், இரண்டு நாளாக என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டில் அப்பாவிடம் சொன்னால் பயந்துவிடுவார், சொல்லாமலிருந்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. ராத்திரி அவர் குறட்டையைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன், எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

இதையெல்லாம் உனக்கு எழுதியிருக்கவே மாட்டேன். நீ போன வாரம் அனுப்பிய படம்தான் எழுத வைத்தது. குளிர்காற்றில் கன்னம் ரோஜாப்பூ மாதிரி ஆகிவிட்டது, இங்கே எல்லோரும் அழகு என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய், அப்பா அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்கின் இரண்டு பக்கமும் நூல் நூலாகச் சிவப்பு. எனக்கு ஆரம்பித்ததும் அங்கேதான். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், வெறும் குளிராகவும் இருக்கலாம், அம்மா ஊதிப் பெரிதாக்குகிறாள் என்று மாப்பிள்ளை சிரித்தாலும் சிரிக்கட்டும். போய் முகத்தையும் காட்டு, பிரஷரையும் பார், கொழுப்பையும் பார். இதைச் சொல்லலாம் என்று உட்கார்ந்தால், சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்று தோன்றியது. பெண்ணைப் பார்க்கச் சொல்லிவிட்டு நான் அடுத்தவள் கையை நீட்டுவேனா?

வியாழக்கிழமை செக்கப். புதன்கிழமை சீட்டைக் குண்டூசியிடம் கொடுக்க வேண்டும். கொடுக்கப்போவதில்லை. நானே போய் உட்காரப்போகிறேன். கேட்டால் இந்த வருஷம்தான் ஏறியது என்பேன், அவள் பெயர் என் வாயிலிருந்து வராது. அதற்குமேல் என் கையில் இல்லை. வீட்டைக் காலி செய்யச் சொன்னால் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. பயமாக இருக்கிறது மகளே, ரொம்பப் பயமாக இருக்கிறது. புதன்கிழமை காலையிலேயே இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிடுவேன், போட்டுவிட்டால் உன் முகத்துக்கு முன்னால் பின்வாங்க முடியாது.

நீங்கள் இருவரும் நூறாண்டு நல்லபடி வாழ வேண்டும். ராத்திரி தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படுக்காதே. அப்பாவுக்குப் போன் செய்யும்போது இதைப் பற்றி மூச்சுவிடாதே, நானே சொல்வேன். மருந்துக்கடையில் வந்ததைக் கீழே எழுதுகிறேன், இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உன்னுடையதைப் பார்த்து எனக்கு எழுது.

178/104

இப்படிக்கு,
உன் அம்மா