மயிலைக்குப் போட்ட தையல்

மாகாளியம்மன் காலடிக்குப் போய்ச் சேர்ந்து நிம்மதியாக இருக்கும் என் அண்ணாவுக்கு,

உங்கள் மயிலைப் பசுவுக்கு வயிற்றில் கன்று குறுக்கே திரும்பிக்கொண்டது. வயிற்றைக் கீறித்தான் எடுக்கணும் என்றாள் கவிதா. உங்கள் மகள் மாட்டு டாக்டராகி, நம் மாடு கட்டும் கட்டுத்தரையில் கத்தி எடுத்தது இதுதான் முதல் தடவை. சேவூர்ச் சனமெல்லாம் வந்து நின்றது. கீறுவது பெரிதில்லை, புண் சீழ் பிடித்தால் மாடு போச்சே என்று பேசிக்கொண்டார்கள். நம் செவலை மாடு அப்படித்தானே போனது?

ஆனால் கவிதா அவசரப்படவே இல்லை அண்ணா. தூசி பறக்காமல் தரையில் தண்ணீர் தெளிக்கச் சொன்னாள். மரத்துப்போக ஊசி போட்டு, விலாவில் மயிரை மழித்து, சோப்புப் போட்டுக் கழுவினாள். அப்புறம் பழுப்பு மருந்தால் நடுவிலிருந்து வெளியே வட்டம் வட்டமாகத் துடைத்தாள். வெளியே போன பஞ்சு நடுவுக்குத் திரும்பவே இல்லை. கத்தி, துணி எல்லாம் ஆவியில் வேக வைத்தது. நம் பூசாரி வாயைக் கட்டிக்கொண்டு படையல் சமைப்பாரே, அந்தச் சுத்தம்.

கிடாரிக் கன்று, உயிரோடு வந்தது. தைக்கும்போதுதான் கத்தரி கீழே விழுந்தது. நான் சும்மா இருப்பேனா? நான் வேலைக்குப் போகும் பனியன் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த வேஸ்ட் துணி இடுப்பில் இருந்தது, வெள்ளை வெளேரென்று. அதில் கத்தரியைத் துடைத்து நீட்டினேன். அவள் கையுறை போட்ட கைகளை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

“அத்தை, கிட்ட வராதீங்க.”

“புதுத் துணி கண்ணு. ஒரு ஆளு போட்டதில்லை.”

“ஆளு போடலீங்க அத்தை. கிருமி போட்டுப் பாத்திருக்கும்.”

சனம் சிரித்தது, நானும்தான். அவள் பெட்டியிலிருந்து வேறு கத்தரி எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பன் மஞ்சளும் திருநீறும் குழைத்துக்கொண்டு வந்தார், தையல் மேல் அப்ப. நான் குறுக்கே நின்றுகொண்டேன்.

“நெத்தியில வைங்க சாமி. தையலுக்குப் பக்கத்துல அம்மனே வந்தாலும் கை கழுவிட்டுத்தான் வரணும்.”

“என்ன அம்மிணி, நீயே இப்படிப் பேசற?” என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். போகட்டும். திருநீறு பூசும் என் கைக்கு அம்மனிடம் பயமில்லையா என்ன? நெற்றிக்கு உள்ளது நெற்றிக்கு, புண்ணுக்கு உள்ளது புண்ணுக்கு.

இரண்டு வாரம் கழித்து, நேற்றுத் தையல் பிரித்தாள். சீழ் இல்லை, வீக்கம் இல்லை, நாற்றம் இல்லை. மயிலை சோளத்தட்டு மென்றுகொண்டே நின்றது. உங்கள் மகள் முகத்தை நீங்கள் பார்த்தீர்களா அண்ணா?

இனி எந்தக் கட்டுத்தரையில் அவள் கத்தி எடுத்தாலும், சனத்தைத் தள்ளி நிறுத்துவது என் வேலை. முதலில் என் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். அம்மன் மேல் ஆணை.

கவிதா உங்கள் மகள்தான், ஆனால் இப்போது என் பொறுப்பு என்று சொல்லும்
உங்கள் தங்கச்சி சரசா