நீ மெழுகு வைத்த விசில்

ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுத் தலைவர் உன் லோ விசில் குழலைத் திருப்பிக் கொடுத்தார். உறையைத் திறந்தேன். தேன்மெழுகும் தோலும் கலந்த வாசனை. தம்பி, உன் சட்டைகளில்கூட இந்த வாசனை போய்விட்டது.

கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்கு வேண்டுமென்று போன வாரம்தான் வாங்கிப் போனார். "ஊதினா கீச்சுனு கத்துதும்மா. தம்பி உள்ள இன்னாத்தையோ வச்சு அடைச்சிருக்காரு. குடுங்க, மெழுக சுரண்டிட்டா சரியாப்பூடும்."

"வேணாங்கண்ணா" என்று பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன்.

உன் ஷூ கம்பெனிக்கு வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் உனக்கு விட்டுப்போன இரண்டடி அலுமினியக் குழல். ஏழு வருடம் நன்றாகத்தான் ஒலித்தது. போன வருட மழைக்காலத்தில்தான் அதில் குறை கண்டுபிடிக்க ஆரம்பித்தாய். குழலின் இரு துண்டும் சேரும் மூட்டில் காற்று ஒழுகுகிறதென்று, காகிதம்போல் சீவிய ஆட்டுத்தோலைச் சுற்றினாய். பிறகு ஊதுவாயில் காற்று போகும் வழியில் மெழுகை அப்பினாய், பிளேடால் வழித்தாய், ஊதிப் பார்த்து மறுபடி அப்பினாய். வாரத்துக்கு வாரம் அந்த வழி குறுகிக்கொண்டே போனது.

"இன்னாடா, நடுவுல நிறுத்தி நிறுத்தி வாசிக்கிற?"

"குழல்ல கோளாறுக்கா. காத்து ஜாஸ்தி கேக்குது."

"உனக்கு மூச்சு வாங்குதா?"

"வார்டுல கேக்கறதெல்லாம் இங்க கேக்காத. போய் டீ போடுங்க சிஸ்டர்."

சிரித்தேன். டீ போட்டேன். இருபது வருடமாக யார் யாருடைய மூச்சையோ எண்ணியவள், உன்னுடையதை எண்ணவில்லை. குழலில்தான் கோளாறு என்று நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது.

பொங்கலுக்கு முன் என் வார்டுக்கே வந்து சேர்ந்தாய். எக்ஸ்ரேவைப் பார்த்த டாக்டர், "இதோட இவ்ளோ நாள் எப்படி சமாளிச்சாரு?" என்று கேட்டார். பதில் வீட்டில், இந்த உறைக்குள் இருந்தது. அன்று எனக்கு அது தெரியவில்லை. நீ போய்ச் சேர்ந்தபோதும் தெரியவில்லை.

இன்று மதியம் கதவைச் சாத்திக்கொண்டு ஊதினேன். கீச்சென்று கத்தியது. மெதுவாக ஊதினேன், அப்போதும் கத்தியது. அலுத்துப்போய், உதட்டிலிருந்து எடுக்காமலே பெருமூச்சு விட்டேன். அந்த மூச்சு தீரப்போகும் இடத்தில், கனமாக, அடியிலிருந்து, உன் சுரம் வந்தது.

அவ்வளவு மூச்சுதான் உன்னிடம் மிச்சம் இருந்திருக்கிறது. அந்த அளவுக்குத்தான் குழலைச் சரிசெய்திருக்கிறாய்.

மெழுகைச் சுரண்ட விடமாட்டேன். பாடகர் குழுவுக்கும் இனி தரப்போவதில்லை. ஆனால் நாளை காலை வார்டில் ஒரு கட்டிலருகே கடிகாரத்தோடு நிற்பேன். ஏறி இறங்கும் நெஞ்சைப் பார்ப்பேன். அந்தச் சுரம் கேட்கும். எண்ணிக்கை தவறும். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன், தம்பி.