கொடிமேடையில் தெரியவில்லை என்றவர்

வெண்ணாற்றின் இருகரையும் மலைப்புறத்துப் பதினொரு குடிகளும் தம் குடைநிழலில் வாழ, நெடுவாயில் நகரத்து அரியணையில் வீற்றிருந்து கருவேங்கை நாட்டைக் காத்தருளும் பெருந்தேவியார் மங்கைநல்லாள் அவர்கள் திருவாய் மலர்ந்தருளியபடி, அவர்தம் அமைச்சனும் ஓலைநாயகமுமாகிய ஆழிமலை விழுப்பரையன் எழுதியது. ஏரிமங்கலத்து நாற்பாதை வணிகர் சபையார் முப்பத்தொருவரும் ஒருங்கு கூடி, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டு, நெஞ்சில் கொள்வாராக.

உங்கள் ஏரி நிறைந்திருக்க. உங்கள் வண்டிகளின் அச்சு முறியாதிருக்க. உங்கள் இல்லத்து அடுப்புகளில் இருவேளையும் புகை எழ. ஆண்டுதோறும் இவ்வாழ்த்தை எழுதி வந்த கை, அதை எழுதும்போதே வேறெதையோ நினைத்துக்கொண்டிருப்பது வழக்கம். இவ்வாண்டு அடுப்புப் புகை என்ற சொல்லுக்கு வந்ததும் எழுத்தாணி சற்று நின்றுவிட்டுத்தான் மேலே நகர்ந்தது.

நீங்கள் சென்ற மாதம் அனுப்பிய விண்ணப்பம் வந்து சேர்ந்தது. வணிக வண்டிச் சாத்தின் தலைவி சேந்தன் உமையாள், பெருந்தேவியாரின் ஓலையை மீறி வண்டிகளை வேறு பாதையில் செலுத்தினார் என்றும், அதனினும் பெருங்குற்றமாக, கொடிமேடையில் நின்று வண்டிக்காரர் முன்னிலையில் தமக்கு வழி தெரியவில்லை என்று சொன்னார் என்றும், போன காரியம் நன்றாக முடிந்தது தற்செயலே என்றும், தலைமை தாங்குபவர் தெரியாது என்று வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினால் நாளை ஒரு மாடுகூட அவர் பின்னால் நடக்காது என்றும், ஆகவே கொடியைச் சபைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பதாகவும், அதை வேறொருவருக்குத் தர அரசமுத்திரை வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. பெருந்தேவியார் அதை இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். முத்திரை உண்டா இல்லையா என்று சொல்லும் முன், நடந்ததை முதலிலிருந்து எழுதுமாறு ஆணையிட்டார். நீங்களும் அன்று அங்கேதான் இருந்தீர்கள். ஆனால் பந்தலின் நிழலில், விசிறிக் காற்றில் இருந்தீர்கள்; அங்கிருந்து எல்லாம் காதில் விழுந்திருக்காது.

சென்ற தை மாதத்தில் நாடு இருந்த நிலையை நீங்கள் அறிவீர்கள். வடக்கே இருங்குன்ற நாட்டு மன்னர் மறைய, அவர் மைந்தர் இருவரும் ஒரே அரியணைக்கு ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தனர். கிழக்கே ஐப்பசிப் புயல் துறைமுக வாயிலில் மணலைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. தெற்கே இரண்டாண்டாக மழையில்லை. நான்காவதான மலைப்பாதையோ, ஆதாயம் போதவில்லை என்று உங்கள் சபையே ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கைகழுவியது. ஏரிமங்கலத்து வெளியில் முந்நூறு வண்டிகள் உப்பும் இரும்பும் துணியும் ஏற்றிக்கொண்டு, எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் நின்றன.

உமையாள் தம் தந்தைக்குப் பின் பதினெட்டு ஆண்டுகள் அந்தக் கொடியைக் கட்டியவர். எந்தப் பாதை என்பதைக் கொடிநாளுக்குப் பத்து நாள் முன்பே சொல்லிவிடுவது அவர் பழக்கம். அந்த ஆண்டு அவர் பட்ட பாட்டை அவரே பின்னர் பெருந்தேவியார் முன்னிலையில் ஒளிக்காமல் சொன்னார். காலையில் துறைமுகத்து வணிகர் வந்து பேசிவிட்டுப் போனால் கிழக்கேதான் போக வேண்டும் என்று தோன்றும். மதியம் மருமகன் வந்து வடக்கே நெல் மலிவு என்பார். அதுவே சரி என்று படும். மாலையில் உமையாளே இரண்டும் வேண்டாம், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்பார். நுகம் பூட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்த வண்டிக்காரர்கள், இந்த ஆண்டு காளைகள் நின்ற இடத்திலேயே ஊர் சுற்றி வந்துவிடும் என்று அவர் காதுபடவே கேலி செய்தனர். அவருக்கு அந்தக் கேலி வலிக்கவில்லை. அது உண்மையாக இருந்ததுதான் வலித்தது. முந்நூறு வண்டி என்றால் முந்நூறு குடும்பம். கொடியைத் தப்பான பக்கம் திருப்பினால் அத்தனை பேரும் நடுத்தெருவில் நிற்பார்கள் என்ற நினைப்பில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து நெடுவாயிலிலிருந்து ஓலை போயிற்று. முந்நூறு வண்டியும் வடபாதையில் செல்க, திரும்புகையில் நெல் ஏற்றி வருக, இருங்குன்றத்து மூத்த இளவரசர் பாதுகாப்புக்கு உறுதி தந்துள்ளார் என்பது அதன் சாரம். பெருந்தேவியாரிடம் எடுத்துச் சொல்லி அதற்கு முத்திரை வாங்கியவனும், அதைத் தன் கையால் எழுதியவனும் இதே விழுப்பரையன்தான். மூத்த இளவரசரின் தூதன் வந்து சொன்ன சொல்லைத் தவிர அவனிடம் வேறு ஆதாரம் எதுவும் இல்லை. தூதன் நயமாகப் பேசினான். விழுப்பரையன் பாதாம்பால் கொடுத்து அதைக் கேட்டுக்கொண்டான்.

கொடிநாளின் வழக்கம் உங்களுக்குப் புதிதன்று; எனினும் இவ்வோலையை நாளை யாரேனும் வாசிக்கக்கூடும் என்பதால் எழுதி வைக்கிறோம். சாத்துத் தலைமை மேடையேறிப் பாதையின் பெயரை மும்முறை உரக்கச் சொல்வார். வண்டிக்காரர் அதை மும்முறை திருப்பிச் சொல்வர். பின் முன்வண்டியின் நுகத்தில் கொடி கட்டப்படும். கட்டிய பின் திரும்பி வரும்வரை மாற்றமில்லை. அந்த மேடையிலிருந்து பெயர் மட்டுமே வந்திருக்கிறது. கேள்வி வந்ததாகச் சபையின் நினைவில் இல்லை.

உமையாள் அரண்மனை ஓலையைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். சொல்ல வேண்டிய சொல் ஓலையிலேயே இருந்தது. சொல்லிவிட்டால் பழி அரண்மனைக்கு, பாதுகாப்பு அவருக்கு. அவர் ஓலையைச் சுருட்டிக்கொண்டார். கீழே அறுநூறு கண்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. அப்போது அவர் சொன்னதை, அங்கு நின்றவர் மூவர் சொல்லக் கேட்டு, அவர் வாய்மொழியாகவே எழுதுகிறோம்.

“எனக்குத் தெரியல. எந்தப் பாதைன்னு பத்து நாளா எனக்குத் தெரியல. கேள்விப்பட்டத வச்சுப் பேசறவங்க ஏரிப் பக்கம் போய் நில்லுங்க. இந்த ரெண்டு மாசத்துல கண்ணால பாத்துட்டு வந்தவங்க மட்டும் எம் பக்கத்துல வாங்க.”

பந்தலில் இருந்த நீங்கள் எழுந்து நின்றீர்கள் என்று கேள்வி. வண்டிக்காரர் முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர், பிறகு நகர்ந்தனர். ஏரிப் பக்கம் திருவிழாக் கூட்டம். வடபாதையைப் பற்றிப் பத்து நாளாக வாய் ஓயாமல் பேசிய அத்தனை பேரும் அங்கே இருந்தனர், மருமகனும் இருந்தார். மேடைக்கு அருகே வந்தவர் நால்வர். ஒருவர் படகோட்டி, துறைமுக வாயிலில் இறங்கி நின்றதாகவும் தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை என்றும் சொன்னார். இருவர் தெற்கிலிருந்து வந்தவர்கள். ஆளுக்கு இரண்டு காளையோடு போய் ஆளுக்கு ஒன்றோடு திரும்பியவர்கள். நான்காமவர் அச்சு செதுக்கும் தச்சர் காளிங்கன். மரம் வெட்ட மலைக்குப் போய் ஒரு மாதம் தங்கியவர். பாதை இரண்டு இடத்தில் அறுந்து கிடப்பதையும், கிணறுகளில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்தில் நிற்பதையும், தினையும் சாமையும் குதிர் கொள்ளாமல் கிடப்பதையும், உப்பு மட்டும் மருந்துக்கும் இல்லாததையும் அவர் சொன்னார். அதோடு நிறுத்தியிருப்பார். வேறு என்ன பார்த்தாய் என்று உமையாள் கேட்கவே, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“மலைச் சனங்க, அம்மா உசுரோட இருக்காங்களான்னு கேட்டாங்க. ஒம்போது வருசமா வண்டி வரல, செத்துத்தான் போயிருப்பீங்கன்னு அவங்களாவே முடிவு பண்ணிட்டாங்க. மாசத்துக்கு ஒருக்கா உங்க பேரச் சொல்லி வெளக்குப் போடறாங்க.”

உமையாள் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். பத்து நாளாக எங்கே ஆதாயம் என்று ஊரே அவருக்குச் சொல்லிற்று; எங்கே ஆள் காத்திருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. எழுந்தபோது அவருக்கு வழி தெரிந்திருந்தது. மலைப்பாதை என்று மும்முறை சொன்னார். முந்நூறில் தொண்ணூறு வண்டி மட்டும் புறப்படட்டும், உப்பு முதலில் ஏறட்டும், அறுந்த இடத்தைச் செப்பனிட நாற்பது பேர் முன்னே நடக்கட்டும், மற்ற காளைகள் வீட்டில் நின்று தின்னட்டும் என்றார்.

அரண்மனைக்கு அவர் அனுப்பிய மறுமொழி இரண்டே வரி. வடபாதையைக் கண்டவர் எங்களில் ஒருவரும் இல்லை. அரண்மனையில் கண்டவர் உண்டாயின் தெரிவித்தருளுக, கொடியைத் திருப்புகிறேன் என்பது அது. விழுப்பரையன் அதை வாசித்துக் கொதித்தான். ஒரு வண்டிக்காரி அரசமுத்திரையைக் குறுக்கு விசாரணை செய்வதா என்று அவையில் குரல் உயர்த்தினான். கொடியைப் பறிக்க வேண்டும் என்று உங்களுக்கு முன்பே கேட்டவன் அவன்தான். பெருந்தேவியார் அவனிடம், கண்டவர் உண்டா என்று மட்டும் கேட்டார். தூதன் சொல்லக் கேட்டதுதான் என்றான். அப்படியானால் வண்டிகள் மலைப்பாதையிலேயே போகட்டும் என்று சொல்லி அவையைக் கலைத்தார்.

மாசி முடிவதற்குள் இருங்குன்றத்தின் இரு படைகளும் வடபாதையில் கண்ட வண்டியை எல்லாம் பிடித்தன. பிற ஊர்களிலிருந்து போன காளைகள் படைக்கு இறைச்சியாயின. ஓட்டிப் போனவர்களில் இன்னும் வீடு வராதவர் உண்டு. வடக்கத்து நெல் நின்றது. சித்திரையில் கோட்டைக் களஞ்சியம் திறக்கப்பட்டது. வைகாசி பிறந்தபோது தரையைப் பெருக்கி எடுத்தார்கள். நெடுவாயிலில் வசதியான தெருக்களிலும் ஒருவேளைதான் புகை எழுந்தது. ஒரு வீட்டில் பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாளான பெண்ணுக்குப் பால் சுரக்கவில்லை. குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது.

அந்த வாரத்தில்தான் மலைப்பாதையிலிருந்து தொண்ணூறு வண்டிகளில் எண்பத்தொன்பது வந்தன. ஒன்று சரிவில் உருண்டது. அதன் வண்டிக்காரர் கால் முறிந்து தலைவியின் வண்டியில் படுத்தபடி வந்தார், தலைவி நடந்து வந்தார். எல்லாம் சாமையும் தினையும். இறக்கிவிட்டு மறுநாளே திரும்பிப் போய், மழை பிடிக்கும் முன் இன்னும் இரு நடை கொண்டு வந்தார்கள். கோட்டை வாயிலில் அன்று கிழவர் குமரர் என்றில்லாமல் அத்தனை பேரும் அழுதார்கள். விழுப்பரையனும் அழுதான், அதை மறைக்க அவனுக்கு விருப்பமில்லை.

பெருந்தேவியார் உமையாளை அழைத்து, எல்லோரும் திகைத்து நின்ற காலத்தில் உமக்கு மட்டும் வழி எப்படித் தெரிந்தது என்று வினவியருளினார். அதற்கு அவர் சொன்னது இது.

“இப்பவும் வழி எனக்குத் தெரியாது, தாயே. யாருக்காகப் போறோம்னு தெரிஞ்சுது. அதத் தெரிஞ்சப்புறம் மாட்டப் பூட்டறதுக்குப் பயமில்ல.”

இனி, சபையாரே, உங்கள் விண்ணப்பத்துக்கு வருவோம். தெரியாது என்று சொல்பவர் பின்னால் ஒரு மாடுகூட நடக்காது என்று எழுதியிருந்தீர்கள். நடந்தவை நூற்றெண்பது. அறுந்த பாதையில், பாரத்தோடு, போக வர மூன்று நடை. அவற்றை ஓட்டியவரில் ஒருவரும் நடுவழியில் திரும்பவில்லை. விண்ணப்பத்துக்கு முத்திரை இல்லை. இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது. பெட்டியைத் திறந்து கொடியை எடுத்து, முப்பத்தொருவரும் நேரில் சென்று சேந்தன் உமையாள் கையில் கொடுக்க வேண்டும் என்பது பெருந்தேவியாரின் ஆணை. பந்தல் வேண்டாம், வெயிலிலேயே கொடுக்கலாம்.

வடபாதையில் செல்லப் பணித்த பழைய ஓலை உமையாளிடம் இருக்கிறது. அதை வாங்கி எரித்துவிட விழுப்பரையன் அனுமதி கேட்டான், கிடைக்கவில்லை. அதைச் சபை மண்டபத்தில், வருவோர் கண்ணில் படும்படி, இவ்வோலைக்குப் பக்கத்திலேயே தொங்கவிட வேண்டும். இனிமேல் பாதை குறித்து அரண்மனையிலிருந்து வரும் எந்த ஓலையின் அடியிலும், அதில் உள்ளவற்றில் கண்டது எது, கேட்டது எது, கண்டவர் யார் என்று எழுதியிருக்கும். எழுதாத ஓலையை, முத்திரை எவ்வளவு பெரிதாயினும், சபை ஏற்க வேண்டியதில்லை.

வரும் தைக்கும் காலம் தெளிவாக இல்லை. இருங்குன்றத்தில் சண்டை ஓய்ந்தது என்று சொல்லுகிறார்கள், சொல்லத்தான் செய்கிறார்கள். ஆகவே விழுப்பரையன் நாளைக் காலை எல்லையாறு வரை நடந்து போகிறான். அறுபத்திரண்டு வயதும் வலது முழங்காலும் ஒத்துழைக்கும் அளவு விரைந்து, கொடிநாளுக்கு முன் ஏரிமங்கலம் வந்து, மேடைக்கு அருகே வண்டிக்காரரோடு நின்று, உமையாள் கேட்டால் கண்டதைச் சொல்வான். தண்டனையாக விதிக்கப்பட்டதல்ல, கேட்டு வாங்கிக்கொண்டது. அந்த அம்மையாருக்கு நன்றி சொல்ல அவனுக்கு வேறு வகை தெரியவில்லை.

வேங்கை முத்திரை இடப்பட்டது. மார்கழித் திங்கள் பதினெட்டாம் நாள், நெடுவாயில் கோட்டை ஓலைச்சாலையில் எழுதி முடிந்தது. ஆணைப்படி அடிக்குறிப்பு:

கேட்டது: கொடிமேடையில் நடந்தவை, உமையாள், காளிங்கன், படகோட்டி ஆகிய மூவர் வாயால்.

கண்டது: எண்பத்தொன்பது வண்டிகள் கோட்டைவாயிலில் நுழைந்தது; அன்றே ஒரு வீட்டில் சாமைக் கஞ்சி கொதித்தது; மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரந்தது; அதைக் குடித்த குழந்தை வீடு அதிர அழுதது.

கண்டவன்: ஆழிமலை விழுப்பரையன், அக்குழந்தையின் பாட்டன்.