உன் அப்பா சேர்த்துவைத்த கரி

அடி சிட்டு,

நானும் உன் அத்தையும் நல்லபடியாக இருக்கிறோம், நீ வேளைக்குச் சாப்பிட்டால் நீயும் நல்லபடியாகத்தான் இருப்பாய். இந்தத் தாளின் ஓரத்தில் கறுப்பாகத் தெரிவது மை இல்லை, என் கட்டைவிரல், எத்தனை சோப்பு போட்டாலும் போக மாட்டேன் என்கிறது. போனில் சொன்னால் நீ பாதியிலேயே வித்துடும்மா வித்துடும்மா என்று குறுக்கே வருவாய், கடிதத்தில் உன்னால் குறுக்கே வர முடியாது பார், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் படகு ஓடுகிறது. முதலில் அதைச் சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

உன் அப்பா போனதிலிருந்து படகு துறையில் கட்டியபடியே கிடந்தது. அதற்கு முன்பே அது கறுப்புப் புகையாகக் கக்கும், அக்கரை போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கும், ஜனம் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கும். இன்ஜின் செத்துப்போச்சு என்று நீயும் சொன்னாய், பழைய இரும்பு வாங்குகிறவரும் சொன்னார், சனிக்கிழமை வந்து வெட்டி எடுத்துப் போகிறேன் என்று நாளும் குறித்துவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. படகை வெட்டிவிட்டால் எனக்கும் அத்தைக்கும் துறையில் என்ன வேலை, உன் வீட்டில் வந்து டிவி பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அத்தை போய் மெக்கானிக்கை இழுத்து வந்தாள். அவர் புகை வெளியே போகிற வழியில் முழங்கை மாதிரி வளைந்த இரும்புக் குழாயைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தார், சுண்டுவிரல்கூட நுழையவில்லை, அவ்வளவு கரி. இன்ஜின் நல்லாத்தான்க்கா இருக்கு, இதுக்கு மூக்கடைப்பு என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது சிட்டு, செத்துப்போனார் என்று தூக்க வந்தால், வெறும் ஜலதோஷம்தான் என்று எழுந்து உட்கார்ந்த மாதிரி.

கழட்டித் தரேன், சுரண்டுறது உங்க பாடு என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த படகுக்குப் போய்விட்டார். இன்ஜின் பக்கத்து ஓட்டைகளில் கரி விழுந்தால் உள்ளே கெட்டுப்போகுமாம், உன் அப்பாவின் பழைய பனியனைக் கிழித்து அடைத்தோம். குழாய்களை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு மழுங்கின கத்தியால் சுரண்டினோம், தீய்ந்த பாத்திரத்தின் அடி மாதிரி விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருந்தது. குழாயும் குழாயும் சேருகிற வாயில், இடுக்கை அடைக்கிற பேக்கிங் உட்காருகிற இடத்தில் கீறல் விழுந்தால் புகை அங்கேயே ஒழுகும் என்று சொல்லியிருந்தார், அந்த இடத்தை மட்டும் குழந்தை முகத்தைத் துடைக்கிற மாதிரி துணியால் துடைத்தேன். வளைவுக்குள் கத்தி போகவில்லை. அத்தை உன் பழைய சைக்கிளின் பிரேக் கம்பியை உருவி, நுனியைப் பூப்போல விரித்து, உள்ளே விட்டுத் திருகினாள் பார், கரி பாளம் பாளமாக வந்து விழுந்தது. உன் சைக்கிளுக்கு இனி பிரேக் இல்லை, கோபித்துக்கொள்ளாதே. பக்கத்துப் படகுக்காரர் கரி அப்பிய எங்கள் இரண்டு முகத்தையும் எட்டிப் பார்த்து, இதுல யாரு அண்ணி யாரு நாத்தனார்னு ஒரு அடையாளம் சொல்லுங்க என்றார். வேலை பாக்குறவதான் நாத்தனார் என்றாள் உன் அத்தை.

குழாயைத் திரும்ப மாட்ட வந்த மெக்கானிக் கரிக் குவியலைப் பார்த்துத் திகைத்துப்போனார். இன்ஜினைத் தினமும் வேகமில்லாமல் வெகுநேரம் சும்மா ஓடவிட்டால்தான் இப்படி அடையும், யாரு அக்கா அப்படிப் பண்ணது என்று கேட்டார். அத்தை என்னைப் பார்த்தாள். கடைசி நடை முடித்துப் படகைக் கட்டிய பிறகும் உன் அப்பா இன்ஜினை நிறுத்த மாட்டாரே, நான் சமையலறை ஜன்னலைத் திறந்து, நீங்கள் வந்தது தெரியும் என்று துணியை ஆட்டுகிறவரை டுக்கு டுக்கு என்று அது கனைத்துக்கொண்டே நிற்குமே. நான் கைவேலையாக இருந்தால் அவர்பாட்டுக்குக் காத்திருப்பார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். ஊரார் நிலம் சேர்ப்பார்கள், நகை சேர்ப்பார்கள், உன் அப்பா எனக்காகக் கரி சேர்த்திருக்கிறார். அழுகையும் சிரிப்புமாக அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை இரும்புக்காரர் வெட்டுகிற சாமானோடு வந்து நிற்கும்போது இன்ஜினைக் கிளப்பினோம். புகை ஊதுபத்தி அளவுக்குத்தான் வந்தது. அத்தை சுக்கானைப் பிடித்துக்கொண்டு, வந்தது வந்துட்டீங்க, ஏறுங்க, அக்கரையில இறக்கிவிடுறேன் என்றாள். அவரும் சாமானோடு ஏறி உட்கார்ந்தார். திங்கட்கிழமையிலிருந்து நடை போகிறோம், அவள் ஓட்டுகிறாள், நான் டிக்கெட். சத்தம்தான் அடியோடு மாறிவிட்டது, தையல் மெஷின் மாதிரி ஒரே சீராக ஓடுகிறது. நேற்று நான் முன்னாடியே வீட்டுக்கு வந்து உலை வைத்துவிட்டேன், அத்தை கடைசி நடை முடித்து வந்தது எனக்குத் தெரியவே இல்லை, வாசலில் நின்று காது போச்சா அண்ணி என்று திட்டுகிறாள்.

விற்கிற பேச்சை இனி எடுக்காதே. லீவு கிடைத்தால் வா, முன்வரிசையில் உனக்கு ஓசி இடம் வைத்திருக்கிறேன். ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே, உன் அடுப்பின் பர்னரைக் கழற்றித் தேய், இப்போது எதைப் பார்த்தாலும் சுரண்டத் தோன்றுகிறது எனக்கு. நோய்நொடி இல்லாமல் இரு, நீ கை வைத்ததெல்லாம் விளங்கட்டும்.

கரி போகாத கையோடு,
உன் அம்மா

கையெழுத்துப் போட்ட பிறகும் பேனாவை மூட முடியவில்லை. எத்தனை படகு வந்தாலும், இப்போது எங்கிருந்து கேட்டாலும், நம் படகை அந்தக் கனைப்பை வைத்துத்தான் உன் அப்பா கண்டுபிடிப்பார். அதை நானே சுரண்டி எடுத்துவிட்டேனே சிட்டு, இந்தப் புதுச் சத்தமும் நம்முடையதுதான் என்று அவருக்குத் தெரியுமா?