பரலுக்குள்ள வச்ச பழைய சாரன்

இஞ்சாருங்க,

மீனாணம் சட்டியில மூடி வச்சிருக்கன், சுட வச்சுச் சோத்தோட தின்னுங்க. நான் இறக்காமத்துக்குத் தங்கச்சிட ஊட்டுக்குப் போறன். அசர் தொழுகைக்குப் பொறகு வருவன்.

ஆபத்துக்கெண்டு நான் சாமான் சேர்த்து வச்ச பீப்பாப் பரலுக்குள்ள இருந்து மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, சவுக்காரம் எது வேணுமெண்டாலும் எடுங்க. நீங்க முந்தி உடுத்த அந்தப் பழைய சாரன மட்டும் தொடாதீங்க. காலையில அதால மோட்டர் சைக்கிளத் துடைச்சுப்போட்டு, "கந்தலுக்குமா சண்டை?" எண்டு கேட்டீங்க.

சுனாமியில கடல் ஊருக்குள்ள வந்த அண்டைக்கு நீங்க கொழும்பில. நம்மட மூத்தவள் பஸ்மினா கழுத்தளவு தண்ணிக்குள்ள உசிரோடதான் நிண்டாள். அவள்ற உடுப்ப அலை உரிச்சிட்டுப் போயிட்டு. மதில்ல நிண்ட ஆம்பிளயள் கை நீட்ட நீட்ட ஏற மாட்டன் எண்டுட்டாள். "உம்மா, ஒரு துணி தாங்க" எண்டு அழுதாள். நான் இந்தச் சாரனத் தேடி எடுத்திட்டு வாறதுக்குள்ள அடுத்த அலை வந்து அவளக் கொண்டு போயிட்டு. இத உங்களுக்குச் சொல்ல இவ்வளவு காலமும் எனக்கு வாய் வரல்ல.

சாரனத் தோய்ச்சுக் கொடியில போட்டிருக்கன். காஞ்சதும் மடிச்சு, பரலுக்குள்ள எல்லாத்துக்கும் மேல வைங்க. வச்சு என்ன, போனவள் வரவா போறாள்? எண்டாலும் வைங்க.

மறந்திட்டன்: வாசிச்சதும் இந்தச் சீட்டக் கிழிச்சுப் போடுங்க. சின்னவள்ற கண்ணில படக்கூடாது. அவளுக்கும் இப்ப, அண்டைக்கு ராத்தா பஸ்மினாக்கு இருந்த வயசு.